முஸாபிர் விருந்தாளியாகும் நாடு

‘முஸாபிர்’ என்னும் சொல்லை அறியாத முஸ்லிம் இல்லம் தமிழகத்தில் இராது. பயணத்தில் இருப்பவர் என்பது அதன் பொருள். முஸாபிருக்கு நான்கு ரக்அத் தொழுகை இரண்டாகச் சுருங்குகிறது. ரமளான் நோன்பைப் பின்னர் நோற்றுக்கொள்ளும் சலுகை கிடைக்கிறது. ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் வழிப்போக்கரும் ஒருவராக இடம்பெறுகிறார். சொந்த ஊரில் செல்வராக வாழ்பவரும், வழியில் கையற்று நிற்க நேர்ந்தால், அந்த உரிமைக்கு ஆளாகிறார். பயணியின் தளர்ச்சியை மார்க்கம் இவ்வளவு கனிவோடு நோக்குகிறது.

அரபு மொழியின் இந்தச் சொல், துருக்கி மொழிக்குள் சென்று குடியேறியபோது ஓர் அழகிய மாற்றம் அடைந்தது. ‘மிஸாபிர்’ என்று துருக்கியர் அதனை ஒலிக்கின்றனர். ஆனால் அவர்கள் நாவில் அதன் பொருள் பயணி அன்று, விருந்தாளி! வழிநடந்து வருபவர் எவரோ அவரே விருந்தாளி என்று ஒரு மக்கள் கூட்டம் தன் மொழியிலேயே முடிவு செய்துவிட்டது போலும். அந்த முடிவு ஏட்டளவில் நிற்கிறதா, வீட்டு வாசலிலும் நிற்கிறதா என்பதைக் கண்ணாரக் காணும் வாய்ப்பினை இறைவன் எங்களுக்கு அளித்தான்.

தோளில் இரு பைகள்

சென்ற ஆண்டின் இலையுதிர் காலத்தில் நானும் என் துணைவியும் துருக்கி நாட்டை ஒரு மாத காலம் சுற்றி வந்தோம். வழிகாட்டியும் தனிப் பேருந்தும் அமர்த்திக்கொண்டு செல்லும் சுற்றுலாக் குழுவினரோடு அன்று. ஆளுக்கொரு பையை முதுகில் சுமந்து, ஊர்ப் பேருந்துகளில் ஏறி, எளிய விடுதிகளில் தங்கி, விரும்பிய ஊரில் விரும்பிய நாள்வரை இருந்து வந்தோம். ஐம்பதைக் கடந்த பெற்றோர் மாணவர்களைப்போல் பை சுமந்து புறப்பட்டதைக் கண்டு எங்கள் பிள்ளைகள் நகைத்தனர். உற்றார் சிலர் முகம் சுளித்தனர். ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் சென்று வந்தவர்களுக்கு இனி எதற்கு ஊர் சுற்றல் என்றும் கேட்டனர். பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறை பலகால் அழைக்கிறது என்பதே எங்கள் மறுமொழியாக இருந்தது.

ஒவ்வொரு பையும் ஒன்பது கிலோ எடை. இரண்டு மாற்றுடைகள், தொழுகை விரிப்பு, சிறு குர்ஆன், மருந்துகள், ஒரு கம்பளிச் சட்டை, என் துணைவி வற்புறுத்தி எடுத்து வைத்த எலுமிச்சை ஊறுகாய், சில ஏலக்காய்ப் பொட்டலங்கள். அவ்வளவே. ஒரு மாத வாழ்வுக்கு மனிதனுக்கு இவ்வளவு போதும் என்பதே பயணம் கற்பித்த முதற்பாடம். முதல் இரு வாரங்களில் எங்கள் உள்ளத்தில் பதிந்தவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பழகிய ஓசைகள்

இஸ்தான்புல் நகரில் இறங்கிய முதல்நாள் மாலை, மஃரிப் நேரத்தில், குன்றுதோறும் நிற்கும் பள்ளிவாசல்களின் மினாராக்களிலிருந்து பாங்கோசை ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தது. மொழி அறியாத ஊரில், அந்த ஒன்றே எங்களுக்கு முழுதும் விளங்கிய பேச்சு. 1932 முதல் 1950 வரை அந்நாட்டில் பாங்கினைத் துருக்கி மொழியிலேயே சொல்ல வேண்டும் என்ற கட்டளை இருந்தது. அக்காலத்தில் எங்களைப்போன்ற ஒரு முஸாபிர் அங்கே சென்றிருந்தால் அந்த ஆறுதலும் கிட்டியிராது. உலகின் எந்த மூலையிலும் பாங்கு ஒரே மொழியில் ஒலிப்பதன் அருமை, அயலூரில் தனித்து நிற்பவனுக்கே நன்கு புலப்படும்.

நாளாக நாளாக, அறிந்த சொற்கள் பல காதில் விழுந்தன. கிதாப், கலம், துன்யா, முஆவின், நமாஸ். ஆயிரமாயிரம் கல் தொலைவில் உள்ள மக்களும் நாமும் ஒரே களஞ்சியத்திலிருந்து சொற்களை எடுத்திருக்கிறோம். தமிழகத்தில் முஸ்லிம்களைத் ‘துலுக்கர்’ என்று அழைத்த வழக்கம் ‘துருக்கர்’ என்ற சொல்லிலிருந்து வந்ததே. வாழ்நாளெல்லாம் துருக்கர் என்ற பெயரைச் சுமந்தவர்கள், மெய்யான துருக்கரின் ஊரில் அயலாராக நின்றோம். நம் முன்னோர் பெருமையுடன் அணிந்த சிவந்த துருக்கித் தொப்பியைத் தேடினால், அது 1925-ஆம் ஆண்டிலேயே அங்கே சட்டத்தால் விலக்கப்பட்டது என்பது நினைவுக்கு வந்தது. இன்று அதனை அணிந்திருப்போர், சுற்றுலாவாக வருவோரைக் கவரும் பனிக்கூழ் வணிகர்களே!

தொழுகை வரிசையிலும் ஓர் இனிய நிகழ்ச்சி. துருக்கியர் பெரும்பாலும் ஹனஃபீ மத்ஹபைப் பின்பற்றுவோர். இமாம் ஃபாத்திஹா ஓதி முடித்ததும் ஆமீனை மெதுவாகத் தமக்குள் சொல்வர். நானோ கடற்கரை ஊரில் பிறந்த ஷாஃபிஈ. அமைதியான அந்த வரிசையில் என் ஆமீன் மட்டும் தனித்து ஒலித்தது. தொழுகை முடிந்ததும் பக்கத்திலிருந்த முதியவர் என் பக்கம் திரும்பி, ‘ஷாஃபிஈ?’ என்று கேட்டுப் புன்னகைத்து என் கையைப் பற்றிக்கொண்டார். அந்நாட்டுக் குர்து மக்கள் பெரும்பாலும் ஷாஃபிஈகள். ஆதலால் அவருக்கு அது புதிதன்று. மொழி தெரியாத இருவர் ஓர் இமாமின் பெயரைச் சொல்லி நண்பர்களானோம்.

நபிகளாருக்கு விருந்தளித்தவர்

இஸ்தான்புல்லில் நாங்கள் முதலில் சென்று ஸலாம் உரைத்த இடம் ஐயூப் சுல்தான் பள்ளிவாசல். நாயகத் தோழர் அபூ ஐயூப் அல்அன்ஸாரீ (ரலி) அவர்கள் அடங்கியிருக்கும் தலம் அது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனா நகருள் நுழைந்தபோது, ஒவ்வொரு குலத்தாரும் தம் வீட்டில் தங்குமாறு வேண்டினர். ஒட்டகத்தை அதன் போக்கில் விடுமாறு பெருமானார் பணித்தார்கள். அது சென்று அமர்ந்த இடத்தை அடுத்திருந்தது அபூ ஐயூப் அவர்களின் வீடு. ஏறத்தாழ ஏழு திங்கள் பெருமானார் அங்கே விருந்தினராக இருந்தார்கள். வருவோர் போவோருக்கு எளிதாக இருக்கும் என்று கீழ்த்தளத்தையே அவர்கள் விரும்பி ஏற்க, அபூ ஐயூப் தம்பதியர் மேல்தளத்தில் வாழ்ந்தனர். ஓர் இரவு தண்ணீர்ச் சாடி உடைந்துவிட்டது. கீழே உறங்கும் விருந்தினர்மீது ஒரு துளியேனும் சொட்டிவிடுமோ என்று அஞ்சி, தம்மிடமிருந்த ஒரே போர்வையைக் கொண்டு கணவனும் மனைவியும் தரையைத் துடைத்தெடுத்தார்கள். பின்னர் அவர்கள் மன்றாடிக் கேட்டுக்கொண்டதன்பேரில் பெருமானார் மேல்தளத்திற்கு மாறினார்கள்.

நபிகளாருக்கே விருந்தளித்த அந்தப் பெருமகன், தம் முதுமையில் தாமே முஸாபிராகிப் படையோடு நெடுந்தொலைவு வந்து, கான்ஸ்டான்டிநோபிள் நகரின் மதிலுக்கு வெளியே உயிர் நீத்தார். அந்நகரை 1453-இல் கைக்கொண்ட சுல்தான் முஹம்மது, 1458-இல் அங்கே பள்ளிவாசல் எழுப்பினார். இன்று நாம் காணும் கட்டடம் 1800-ஆம் ஆண்டில் மீண்டும் கட்டப்பட்டது. விருந்தோம்பலில் சிறந்த மனிதரைத் தம் மண்ணின் மதிப்புமிக்க விருந்தாளியாக அம்மக்கள் போற்றி வருகின்றனர்.

பள்ளிவாசலைச் சுற்றிலும் உள்ள மயானத்தில் தலைப்பாகை வடித்த பழைய மீஸான் கற்கள் நிற்கின்றன. துருக்கி மொழியை அரபு எழுத்தில் எழுதும் முறை 1928-இல் கைவிடப்பட்டு, இலத்தீன் எழுத்து வந்தது. அதனால் இன்றைய இளைஞர் பலருக்குத் தம் முப்பாட்டனாரின் கல்லில் உள்ளதை வாசிக்கத் தெரியவில்லை. என் துணைவி, தன் உம்மம்மாவிடம் அரபுத்தமிழ் கற்றவள். கல்லின் தலைப்பில் இருந்த ‘ஹுவல் பாகீ’ என்ற சொற்களை உரக்க வாசித்தாள். நிலைத்திருப்பவன் அவன் ஒருவனே என்பது அதன் பொருள். அருகே நின்ற கல்லூரி மாணவியர் மூவர் வியந்து, அடுத்த கல்லையும் வாசிக்கச் சொன்னார்கள். அடியில், இறந்தவருக்காக ஃபாத்திஹா ஓதுமாறு வேண்டுகோள் இருந்தது. தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தியும் துருக்கி நாட்டுப் பெண்கள் மூவரும் பெயரறியாத ஒரு மனிதருக்காகக் கையேந்தி நின்ற காட்சி என் கண்ணை விட்டு அகலாது.

செருப்புக் காவல் தீர்ந்த நாள்

மறுநாள் ளுஹர் தொழுகைக்கு ஸுலைமானிய்யா பள்ளிவாசலை அடைந்தோம். கட்டடக்கலை மேதை ஸினான் அமைத்து 1557-இல் நிறைவுற்றது அது. அதன் நான்கு மினாராக்களில் பத்து மாடங்கள். இஸ்தான்புல் கைவசமான பின் ஆண்டவர்களில் சுலைமான் நான்காமவர்; உதுமானிய அரசர் வரிசையில் பத்தாமவர் என்பதை அவை குறிக்கும் என்பர். தொழும் இடத்தோடு அந்த வளாகம் முடிந்துவிடவில்லை. மதரஸாக்கள், மருத்துவமனை, ஏழைகளுக்கும் மாணவருக்கும் உணவளித்த சமையற்கூடம், வழிப்போக்கர் தங்கும் இல்லம் ஆகியவையும் அதனோடு சேர்த்தே கட்டப்பட்டன. அல்லாஹ்வின் இல்லத்தை எழுப்பிய கையோடு அவனுடைய விருந்தினருக்கும் இல்லம் எழுப்பிய தொலைநோக்கு அது.

எங்களை ஆழமாகத் தொட்டது குவிமாடத்தின் உயரமன்று. முதுகில் பைகளோடு வாசலில் நின்றோம். பழக்கத்தின் காரணமாக என் துணைவி செருப்புகளையும் பைகளையும் வாங்கிக்கொண்டு வெளியே அமர இடம் பார்த்தாள். அதைக் கண்ட ஒரு பணியாளர் விரைந்து வந்து, பெண்கள் தொழும் பகுதியைக் கைகாட்டி, பைகளையும் உள்ளேயே சுவரோரம் வைத்துக்கொள்ளச் சொன்னார். அவள் சென்றாள். தொழுதாள். வெளியே வந்தபோது அவள் கண்கள் கலங்கியிருந்தன. முற்றத்தில் அமர்ந்தபின் மெல்லச் சொன்னாள்:

“முப்பது வருடமாக நாம் எத்தனையோ ஊருக்குப் போயிருக்கிறோம். நீங்கள் பள்ளியில் தொழுதுவிட்டு வரும்வரை செருப்புக்கும் பைக்கும் நான் காவல் இருப்பேன். என் தொழுகை விடுதி அறை கிடைக்கும்வரை களாவாகக் காத்திருக்கும். நானும் முஸாபிர்தானே என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. இன்றுதான் கேட்டார்கள்.”

அச்சொற்களுக்கு விளக்கம் தேவையில்லை. பெண்களைப் பள்ளிவாசல்களை விட்டும் தடுக்க வேண்டாம் என்று பெருமானார் (ஸல்) அறிவுறுத்தியதை நாம் அறிவோம். வீட்டில் தொழுவதன் சிறப்பையும் அறிவோம். ஆனால் வீட்டை விட்டுத் தொலைவில், பேருந்து நிலையத்தில் நிற்கும் பெண்ணுக்கு வீடு ஏது?

துருக்கியில் எம்மனோர் சென்ற பள்ளிவாசல்களில் பெரும்பாலானவற்றில் பெண்களுக்குத் தனியிடமும், ஒளுச் செய்ய வசதியும், தேவைப்படுவோர் அணிந்துகொள்ள முக்காட்டுத் துணிகளும் இருந்தன. ஆயா ஸோஃபியாவிலும் அவ்வாறே. 537-இல் தேவாலயமாகத் திறக்கப்பட்டு, 1453-இல் பள்ளிவாசலாகி, 1934-ஆம் ஆண்டு ஆணையால் அருங்காட்சியகமாகி, 2020 ஜூலையில் மீண்டும் தொழுமிடமான அந்தக் கட்டடத்தில், தொழ வருவோர் கீழ்த்தளத்துக்குச் செல்கின்றனர். உஸ்குதார் கரையில் அரசிளங்குமரி மிஹ்ரிமாஹ் ஸினானைக் கொண்டு கட்டுவித்த பள்ளிவாசல் 1548 முதல் நிற்கிறது. அதே பகுதியில் 2009-இல் திறக்கப்பட்ட ஷாகிரீன் பள்ளிவாசலின் உள் அலங்காரத்தை வடிவமைத்தவரும் ஒரு பெண்மணியே. ஸெய்னெப் ஃபதில்லியோலு என்பது அவர் பெயர். பள்ளிவாசலைக் கட்டுவதிலும் அழகு செய்வதிலும் பங்கேற்ற பெண்டிருக்கு, அதில் நிற்கவும் இடம் இருக்கிறது.

உஸ்குதாரின் பழைய பள்ளிவாசல்களின் வெளிச்சுவரில் இன்னொரு விந்தை. சிறு மாளிகைகள் போலக் கல்லில் செதுக்கிய பறவைக் கூடுகள்! சிட்டுக்குருவிக்கும் ஓர் அறை ஒதுக்கியிருக்கின்றனர். “குருவிகூட இங்கே மிஸாபிர்தான்” என்றாள் என் துணைவி.

பூர்ஸாவின் நீர்த்தடாகம்

நான்காம் நாள் கப்பலிலும் பேருந்திலுமாகப் பூர்ஸா நகரம் அடைந்தோம். உதுமானியரின் பழைய தலைநகர் அது. அங்குள்ள பெரிய பள்ளிவாசலைச் சுல்தான் பாயஸீது பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் கட்டினார். 1396-ஆம் ஆண்டுப் போரில் வென்றால் இருபது பள்ளிவாசல்கள் கட்டுவதாக நேர்ந்துகொண்ட அவர், பின்னர் இருபது குவிமாடங்களுடன் ஒரே பள்ளிவாசலை எழுப்பினார் என்பர். சுவர்களிலும் தூண்களிலும் பெரும் பெரும் எழுத்தணிகள்.

ஆனால் காண்போரை வியக்க வைப்பது வேறொன்று. ஒளுச் செய்யும் நீர்த்தடாகம், பள்ளிவாசலுக்கு வெளியே அன்றி, உள்ளே நட்டநடுவில் அமைந்திருக்கிறது. தலைக்கு மேல் குவிமாடத்தில் ஒளிபுகும் கண்ணாடி. அதன் காரணமாக ஊரார் வழிவழியாக ஒரு கதை சொல்கின்றனர். அந்த நடுநிலம் ஒரு மூதாட்டிக்கு உரியதாம். அவள் அதனை மனமுவந்து விற்க இசையவில்லை. முடிவில் நிலம் கைக்கு வந்தபோதும், மனமொவ்வாதவரின் மண்ணில் நெற்றி பதிப்பது முறையன்று என்று கருதி, அவ்விடத்தைத் தொழுமிடமாக்காமல் நீர்த்தடாகமாக்கி விட்டனராம். வரலாற்றாசிரியர் இதனை எவ்வாறு மதிப்பிடினும், அறுநூறு ஆண்டுகளாக ஒரு மக்கள் இக்கதையைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகின்றனர் என்பதே சிந்திக்கத்தக்கது. அரசன் கட்டிய பள்ளியின் நடுவில், ஓர் எளிய பெண்ணின் மனக்குறைக்கு அஞ்சிய நினைவு நீராகத் ததும்பிக்கொண்டிருக்கிறது.

இறைவன் அனுப்பிய விருந்தாளி

பூர்ஸாவிலிருந்து கோனியாவுக்குப் பேருந்தில் ஏறக்குறைய முழுப்பகல் பயணம். துருக்கியப் பேருந்துகளில் ‘முஆவின்’ என்னும் உதவியாளர் உண்டு. எலுமிச்சை மணக்கும் நறுநீரை அவர் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் வார்க்கிறார். தேநீரும் தின்பண்டமும் வழங்குகிறார். என் துணைவியின் பக்கத்து இருக்கையில் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். இருவருக்கும் பொதுமொழி இல்லை. எனினும் ஏலக்காயை முகர்ந்தும், பேரப்பிள்ளைகளின் படங்களைக் காட்டியும் மூன்று மணி நேரம் உரையாடினர்!

கோனியாவில் இறங்கியபோது இருட்டிவிட்டது. நாங்கள் விடுதி தேடிப் புறப்படுவதை அந்த மூதாட்டி பார்த்தார். அவரை அழைத்துச் செல்ல மகன் வந்திருந்தார். அவருக்குச் சிறிது ஆங்கிலம் தெரியும். தாய் சொன்னதை அவர் எங்களுக்குச் சொன்னார்: “நீங்கள் தன்றி மிஸாபிரி. உங்களை விடுதிக்கு அனுப்பினால் என் தாய் இன்றிரவு உறங்கமாட்டார்.” அழைக்காமல், எதிர்பாராமல் வந்து சேரும் அயலாரை, இறைவன் அனுப்பிய விருந்தாளி என்ற பொருளில் துருக்கியர் இவ்வாறு கூறுவது வழக்கம்.

வாசலில் செருப்பைக் கழற்றியதும் வீட்டினுள் அணியும் மிதியடிகளை எங்கள் கால் முன்னே வைத்தனர். உணவில் கோனியாவின் புகழ்பெற்ற வெண்டைக்காய் ரசம். சுண்டுவிரல் நுனியளவே உள்ள பிஞ்சு வெண்டைகளை நூலில் கோத்து உலர்த்தி, இறைச்சியோடு புளிப்பாகச் சமைக்கின்றனர். வெண்டைக்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘பாமியா’. மாலைபோல் கோத்த வெண்டையைக் கண்டு என் துணைவி சிரித்தாள். அவள் கொடுத்த ஊறுகாயைச் சுவைத்து அவ்வீட்டார் கண்ணீர் வடித்தனர்!

உறங்க எங்களுக்கு ஒரு சிறு அறை கொடுத்தனர். 2023 பிப்ரவரி 6-ஆம் நாள் அந்நாட்டின் தென்கிழக்கில் நேர்ந்த நிலநடுக்கத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வீடிழந்து வந்த ஒரு குடும்பம் அந்த அறையில் எட்டு மாதம் தங்கியிருந்ததாக மகன் கூறினார். உறவினரா என்று கேட்டேன். “இல்லை, மிஸாபிர்” என்றார். அந்த ஒரு சொல்லுக்கு மேல் அவர் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

காலையில் நாங்கள் விடைபெற்றபோது பணம் என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. தெருவில் சில அடி நடந்ததும் பின்னால் நீர் கொட்டும் ஓசை கேட்டுத் திரும்பினோம். மூதாட்டி ஒரு குவளைத் தண்ணீரை எங்கள் வழியில் ஊற்றிக்கொண்டிருந்தார். பயணம் நீரோட்டம்போல் தடையின்றி அமைந்து, நலமே திரும்ப வேண்டும் என்ற விருப்பத்தின் அடையாளம் அது.

மூன்று நாள் உரிமை

கோனியா, மௌலானா ஜலாலுத்தீன் ரூமி அவர்கள் 1273-இல் மறைந்து அடங்கிய நகர். அவர்களும் அம்மண்ணில் பிறந்தவரல்லர். பல்க் நாட்டிலிருந்து புறப்பட்ட ஒரு குடும்பம் பல்லாண்டு வழிநடந்து, தாயைக் கரமான் நகரில் அடக்கம் செய்துவிட்டு, 1228-ஐ ஒட்டிக் கோனியா வந்து சேர்ந்தது. முஸாபிரை வரவேற்ற ஊருக்கு அவரால் அழியாப் புகழ் கிடைத்தது. 1925-இல் தைக்காக்கள் மூடப்பட்டபின், அவர்களின் அடக்கத்தலம் அருங்காட்சியகமாக இயங்கி வருகிறது. பச்சைக் குவிமாடத்தின் கீழ் மக்கள் இன்றும் கையேந்தி நிற்கின்றனர்.

கோனியாவுக்கும் அக்ஸராய்க்கும் இடையே ஸுல்தான்ஹான் என்னும் சிற்றூரில், செல்ஜூக்கிய சுல்தான் அலாவுத்தீன் கைகுபாத் 1229-இல் கட்டிய சத்திரம் இருக்கிறது. கோட்டைபோன்ற மதில், நுண்ணிய கல்வேலைப்பாடுடைய வாயில், முற்றத்தின் நடுவே நான்கு வளைவுகளின்மீது நிற்கும் சிறு பள்ளிவாசல், குளிர்காலத்துக்கெனக் கூரையிட்ட பெருங்கூடம். ஒட்டகம் ஒரு நாளில் நடக்கும் தொலைவுக்கு ஒன்றாக இத்தகைய சத்திரங்கள் வணிக வழிகளில் எழுந்தன. வந்தவர் எவராயினும் மூன்று நாள்வரை உணவும் உறையுளும் இலவசம். அவற்றுள் ஒன்றான கராத்தாய் சத்திரத்தின் வக்ஃப் சாசனம், முஸ்லிம், முஸ்லிமல்லாதார், ஆண், பெண், அடிமை, சுதந்திரர் என்ற வேற்றுமையின்றி ஒரே உணவளிக்கக் கட்டளையிடுகிறது. விருந்தினரின் உரிமை மூன்று நாள் என்று பெருமானார் (ஸல்) வகுத்த நெறி, கல்லும் சுண்ணாம்புமாக உருப்பெற்று எண்ணூறு ஆண்டுகளாக நிற்கிறது.

அரசர் மட்டும் செய்த அறமன்று இது. 1330-களில் அந்நாட்டைச் சுற்றிய உலகப் பயணி இப்னு பதூதா, ‘அகீ’ எனப்பட்ட தொழிலாளர் சங்கத்தாரைப் பற்றி நெகிழ்ந்து எழுதியுள்ளார். பகலெல்லாம் உழைத்து ஈட்டியதை மாலையில் ஒன்றுசேர்த்து வழிப்போக்கருக்கு விருந்திடுவதே அவர்கள் வழக்கம். அன்தாலியாவில் அவரை விருந்துக்கு அழைத்தவர், எளிய உடையணிந்த ஒரு செருப்புத் தைப்பவர். வேறோர் ஊரில், இரு கூட்டத்தார் குதிரைகளின் கடிவாளத்தைப் பற்றி ஒருவரோடொருவர் மல்லுக்கு நின்றனராம். கொள்ளையரோ என்று அவர் அஞ்ச, இவருக்கு விருந்தளிப்பது யார் என்பதே சச்சரவு என்று பின்னர் தெரிந்ததாம்! அதே இப்னு பதூதா 1340-களில் நம் சோழமண்டலக் கரையில் இறங்கி மதுரைக்கும் வந்தவர். துருக்கியின் வழியும் தமிழகத்தின் வழியும் ஒரே பாதத்தால் இணைக்கப்பட்டவை.

கசப்பும் உண்டு

எல்லாம் தேனாக இருந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். இஸ்தான்புல்லில் ஒரு வாடகைக் கார் ஓட்டுநர், அரை மணிக்குள் சேரவேண்டிய இடத்துக்கு ஊரைச் சுற்றி அழைத்துச் சென்று மும்மடங்கு பணம் பெற்றார். சிறிய பள்ளிவாசல் ஒன்றில், ஜும்ஆ நேரத்தில் பெண்களின் பகுதியையும் ஆண்களே நிரப்பிவிட, என் துணைவி அன்று உள்ளே செல்ல இயலவில்லை. இக்குறையை அந்நாட்டுப் பெண்களும் எடுத்துரைத்து வருகின்றனர். சிரியாவிலிருந்து வந்தோர் 2021-இல் ஏறக்குறைய 37 இலட்சம் பேர் அங்கே இருந்தனர். அத்தனை பெரிய சுமையால் சலிப்பும் சினமும் விளைந்ததைத் தேநீர்க் கடைப் பேச்சுகளில் உணர்ந்தோம். விருந்தோம்பல் பாட்டனார் விட்டுச்சென்ற சொத்து மட்டுமன்று. ஒவ்வொரு தலைமுறையும் தன் கையால் மீண்டும் ஈட்ட வேண்டிய பொருள்.

நம் ஊருக்கு வரும் முஸாபிர்

சகோதர சகோதரிகளே! அயல்நாட்டைப் புகழ்ந்து நம் ஊரை இகழ்வது என் நோக்கமன்று. வழிப்போக்கருக்குச் சோறிடுவதில் தமிழக முஸ்லிம்கள் எவருக்கும் இளைத்தவரல்லர். ‘முஸாபிர்கானா’ என்ற சொல்லே நம் ஊர்களில் வழங்குகிறது. கடற்கரைப் பட்டினங்கள் சிலவற்றில் பெண்களுக்கெனத் தைக்காக்கள் உண்டு. அண்மைக் காலத்தில் பள்ளிவாசல்கள் சிலவற்றில் பெண்களுக்குத் தனியிடம் ஒதுக்கியும் உள்ளனர். பெண்கள் பள்ளிவாசலுக்கு வந்து தொழத் தடையில்லை என்று அகில இந்திய முஸ்லிம் தனிச்சட்ட வாரியமும் 2020-இல் உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது.

ஆயினும் நெடுஞ்சாலை ஓரத்திலும் பேருந்து நிலையத்தை அடுத்தும் உள்ள எத்தனையோ பள்ளிவாசல்களில் இன்றும் நாம் காணும் காட்சி எது? கணவர் உள்ளே தொழுகிறார். மனைவி, கைக்குழந்தையும் பைகளுமாக வேப்பமரத்தடியில் நிற்கிறார். மருத்துவமனைக்கு வந்த தாயும், தேர்வெழுத வந்த மகளும், நேரம் கழிவதைப் பார்த்துக்கொண்டே அமர்ந்திருக்கின்றனர். உள்ளூர்ப் பெண்ணுக்கு வீடு அருகில் இருக்கிறது. வழிப்போக்கப் பெண்ணுக்கு அது இல்லை. அவருக்கு வேண்டுவது பெரிய மாளிகையன்று. திரையிட்ட ஒரு சிறு அறை, ஒளுச் செய்ய ஒரு குழாய், தூய்மையான கழிப்பிடம், வாசலில் வழிகாட்டும் ஒரு பலகை. மினாராவை மேலும் சில அடி உயர்த்தும் செலவில் ஒரு சிறு பங்கு போதும்.

ஜமாஅத் தலைவர்களும் முத்தவல்லிகளும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். இல்லத்தரசிகளும், தம் ஊர்ப் பள்ளியில் இதற்கு இடமுண்டா என்று தம் வாப்பாவிடமும் கணவரிடமும் மகனிடமும் கேட்க வேண்டும்.

முஸாபிர் என்ற சொல்லை ஒரு நாட்டார் விருந்தாளி என்று பொருள் கொண்டனர். நாமும் அவ்வாறே பொருள் கொள்வதற்கு மொழியை மாற்றத் தேவையில்லை. வாசலைச் சற்றே அகலத் திறந்தால் போதும். இவ்வுலகில் நாம் அனைவருமே வழிப்போக்கர்கள். நாளை நம்மை ஏற்று விருந்தளிக்க வேண்டியவன் அவன் ஒருவனே. அவனுடைய விருந்தினரைக் கண்ணியப்படுத்தும் நல்லுள்ளத்தை எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.